நாலடி லேத்துக்கு எத்தனை அடி?

நான் வரைந்த நாலடி இயந்திரம் பதினான்கு அடி நீளம் இருப்பதாக வடசென்னை காலடிப்பேட்டையிலிருந்து புகார் வந்தது. அளவு நாடாவை நானே பிடித்து அளந்த இயந்திரம் அது. மிச்சம் பத்து அடி எங்கிருந்து முளைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துருங்க. அவரு திருப்பி அனுப்பறதா இருந்தா இந்த மாடலை இதோட நிறுத்திக்கலாங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அமைதியாகச் சொன்னதால் அன்றைக்கே ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன்.

இயந்திரம் என்றால் ஆட்டோ லேத். ஒரு பக்கம் பித்தளை ராடை நுழைத்தால் மறுபக்கம் கேஸ் அடுப்புக்கான நிப்பிள்களாக அது பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. கேம் என்று வளைவுத் தகடுகள் சில உண்டு, அவை சுற்றச் சுற்ற உளிகள் முன்னே போய் வெட்டிவிட்டுப் பின்னே வரும். பெரிய ஆட்டோ லேத்துக்குக் கொட்டகை வேண்டும். வீட்டின் முன்னறையில் பட்டறை வைத்திருப்பவருக்கும் இது எட்ட வேண்டும் என்று நாலு வருடம் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப்போட்டு இதைச் சுருக்கினேன். எங்கள் வரைபட அறையில் இதற்கு என் பெயரையே வைத்துக் கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

கோயம்புத்தூர்க்காரிக்குச் சென்னை வெளிநாடு இல்லைதான். ஆனால் சென்ட்ரலுக்கு வடக்கே நான் போனதே இல்லை. தாம்பரத்தில் இருக்கும் என் சித்தி பெண்ணும் போனதில்லையாம். முப்பது வருடமாகச் சென்னையில் இருப்பவள், "அங்க எதுக்கு?" என்று கேட்டாள். சிங்கப்பூருக்கு மூன்று முறை போயிருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை நான் ஏறிய ஆட்டோ, கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முன்னாலும் லாரி, பக்கத்திலும் லாரி. வரிசையின் தலை எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர் சாவகாசமாக இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் மூன்றாவது முறையாக மணி பார்த்தபோது, "இன்னா மேடம் அவசரம்? தோ பாரு, கப்பலே உள்ள வராம வெளிய நின்னுகினுகீது" என்று கடலைக் காட்டினார். உண்மைதான். தூரத்தில் நாலைந்து கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைய முறை வைத்துக் காத்திருந்தன. எங்கள் ஊரில் அவிநாசி சாலையில் பத்து நிமிடம் நின்றாலே கலெக்டரைத் திட்டுவோம். இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்குப் பாதி இட்லி கிடைத்தது, வடகறியோடு.

புகார் கொடுத்த தனசேகரின் பட்டறை பத்தடிக்கு ஒன்பதடி. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே என் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணைப் புகுந்த வீட்டில் பார்ப்பது போல ஒரு நிமிடம் நின்றேன். நாற்பது வயதிருக்கும் தனசேகர் குனிந்து ஒரு நிப்பிளை எடுத்து என் கையில் கொடுத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாத நிப்பிள். அப்புறம்தான் இயந்திரத்தின் பின்பக்கம் பார்த்தேன். ராடைத் தாங்கும் இரும்புக் குழாய் நேராகப் போய்ச் சுவரில் ஒரு ஓட்டைக்குள் நுழைந்து காணாமல் போயிருந்தது.

கேட்க வாயெடுப்பதற்குள் ராடு தீர்ந்து இயந்திரம் நின்றது. தனசேகர் ஸ்பானரால் சுவரை இரண்டு தட்டு தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "இரு, சோறு வடிச்சுகினுகீறேன்" என்றது. நாங்கள் காத்திருந்தோம். யாரும் தொடாமலே ஓடும் என்று விளம்பரத் தாளில் நான் எழுதிக்கொடுத்த இயந்திரம், பக்கத்து வீட்டில் சோறு வடியக் காத்திருந்தது.

அந்தக் குரலுக்குரியவர் ஜெயா. ஐம்பது வயதுக்காரர், கணவர் இல்லை, காலையில் இட்லி போட்டு விற்கிறார். அவர் வீட்டுக்கு இருப்பது ஒரே அறை. சுவரைத் தாண்டிய குழாய் அங்கே நாலடி நீட்டிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே நின்றது. அதன்மீது ஒரு துண்டு காய்ந்தது. பன்னிரண்டு அடி ராடைக் குழாய்க்குள் நுழைக்க அந்த அறையிலும் இடமில்லை. அதனால் எதிர்ச்சுவர் ஜன்னலைத் திறந்து, ராடின் பாதியைச் சந்துக்கு நீட்டி, அங்கிருந்து உள்ளே தள்ள வேண்டும். ஜெயா ஜன்னலுக்கு வெளியே எட்டி, "நில்லு, ராடு வருது" என்றார். சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றுகொண்டார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. ராடு உள்ளே போனதும் ஜெயா சுவரை இரண்டு தட்டு தட்டினார். அந்தப் பக்கம் என் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. உடனே குழாய்க்குள் ராடு சுழன்று அடித்துக் கடகடவென்று ஆடியது. கட்டில் சட்டம் அதிர்வதைக் கையை வைத்துப் பார்த்தேன்.

முதலில் தனசேகர்தான் மணிக்கு ஒரு தடவை வந்து ராடு போட்டிருக்கிறார். குளிக்கிற நேரத்தில் ஆண்பிள்ளை கதவைத் தட்டுவது சரிப்படவில்லை, நானே போட்டுவிடுகிறேன் என்று ஜெயா கற்றுக்கொண்டாராம். ஒரு வருடமாக நடக்கிறது.

பத்து அடி எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிந்தது. எங்கள் தொழிற்கூடத்துக் கொட்டகை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தால் கால் வலிக்கும். அங்கே ராடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. என் வரைபடத்தில் திருகு, மரை, எண்ணெய்த் துளை எல்லாம் உண்டு. ராடு மட்டும் இல்லை. பன்னிரண்டு அடியில் இரண்டடி இயந்திரத்தின் வயிற்றுக்குள் போனாலும் பத்தடி வெளியேதான் நிற்கும், அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கண்காட்சியில் வைத்தபோதும் ஒரு முழ ராடைப் போட்டு ஓட்டிக் கைதட்டு வாங்கினோம். வெட்கமாக இருந்தது.

"ஒரு வருசமா எனுக்கு இந்தக் கொயாவால ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் ஜெயா, எனக்கு மோர் கொடுத்தபடி. "ஞாயித்துக்கெயம வியாசர்பாடில எம்பொண்ணுக்கு வளகாப்பு. அன்னிக்கே பிரசவத்துக்கு இங்க இட்டுகினு வந்துருவேன். படுக்க இந்த ஒரு கட்டில்தான் கீது. தலைக்கு மேல இது ஆடிகினு இருந்தா புள்ளத்தாச்சி எப்டி தூங்கும், நீயே சொல்லு. அதுக்குள்ள சொவுரு மூடணும்."

நாங்கள் சின்னக் குழந்தையிடமும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர்க்காரர்கள். பார்த்த அரைமணி நேரத்தில் ஒருவர் என்னை 'நீ' என்றது வித்தியாசமாக இருந்தது. கோபம் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

தனசேகர் வாதாடவே இல்லை. "அக்கா கேக்கறது நாயம் மேடம். மெஷின எட்த்துகினு போயிடுங்க. எனுக்கு இன்னொரு இடம் புடிச்சி போவத் தெம்பு இல்ல" என்றார். கையில் இருக்கும் நிப்பிள் ஆர்டரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேறு யாருக்காவது போகும் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அன்றைக்கு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இயந்திரம் திரும்பி வந்தால் என் நாலு வருடம் ஒரு கோப்புக்குள் போய்விடும். இவர் பிழைப்பும் சேர்ந்து போகும். இரண்டுக்கும் காரணம் நான் வரையாமல் விட்ட ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தோன்றிய வழியைச் சொன்னேன். ராடை மூன்றாக அறுத்து, நாலடித் துண்டுகளாகப் போடலாம். பட்டறைக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும், குட்டை ராடு ஆடவும் ஆடாது. தனசேகர் மூலையிலிருந்த பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து முன்னால் வைத்தார். உள்ளே வெட்டமுடியாமல் மிஞ்சிய பித்தளைத் துண்டுகள். ஒவ்வொரு ராடின் வாலிலும் ஒரு சாண் வீணாகிறது. மூன்றாக அறுத்தால் மூன்று சாண் வீண். பித்தளையை இப்படித் தொட்டியில் போட்டால் ஒரே மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றார். சரியான பேச்சு.

சங்கடத்தை மறைக்கத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். எல்லாம் சாண் அளவுதான். ஆனால் நடுவே சில துண்டுகள் மூன்றே விரற்கடை நீளம் இருந்தன. ஒன்றில்லை, இருபது முப்பது இருக்கும். இவை எப்படி என்று கேட்டேன். தனசேகர் தலையைச் சொறிந்தார். மெஷினில் ராடைக் கவ்வி முன்னே இழுக்கும் வில்விரல் ஒன்று உண்டு. அது தேய்ந்து வழுக்கினால் புது விரல் கோயம்புத்தூரிலிருந்து வர நாலு நாள் ஆகும். அந்த நாட்களில்...

"அந்த நாட்கள்ல?"

"அக்கா அந்தப் பக்கத்துலேந்து சன்னமா இன்னொரு நீட்டு ராட வச்சி தள்ளிகினே இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுழலும் ராடைக் கையால் தள்ளுவதா, விரல் போனால் யார் பதில் சொல்வது என்று நான் போட்ட சத்தத்தில் ஜெயாவே வந்துவிட்டார். அவருக்கு என் கோபம் புரியவில்லை. "டக்குனு ஒரு சத்தம் வரும், அப்ப மெஷினு வாய் தொறக்கும், ஒரு தள்ளு தள்ளணும்" என்று எனக்கே விளக்கினார். "கைல தள்னா ராடு கடேசி வரிக்கும் போவுது. உன் மெஷினு மட்டும் இன்னாத்துக்கு ஒரு சாண் வச்சிட்டு வுட்டுடுது?"

நல்ல கேள்வி. வில்விரல் ராடைக் கவ்வ வேண்டுமானால் கவ்வுவதற்கு ராடு மிஞ்ச வேண்டும், அந்தக் கவ்வுகிற நீளம்தான் வீணாகிற சாண். பின்னாலிருந்து தள்ளினால் கவ்வ வேண்டியதே இல்லை. பெரிய லேத்துகளில் கயிறும் எடைக்கல்லும் கட்டித் தொங்கவிட்டுத் தள்ளுவதுதான் வழக்கம். கிணற்றடி மாதிரி இருக்கிறதே, கண்காட்சியில் சிரிப்பார்களே என்று அதைக் கழற்றிவிட்டு அழகான வில்விரலை வைத்தவள் நான்தான். மூன்று துண்டுக்கும் சேர்த்து ஒன்பது விரல்தான் வீண். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல். அறுத்துப் போட்டாலும் பித்தளை லாபம்தான். அதோடு வில்விரலும், அதை ஆட்டும் கேமும், அதன் நெம்புகோலும் தேவையில்லாமல் போகும். இயந்திரம் இன்னும் எளிதாகிவிடும். சந்தோஷத்தில் ஜெயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மாவு ஒட்டிக்கொண்டது.

கயிறு ஓடக் கப்பி வாங்க ராயபுரம் போக வேண்டியிருந்தது. அவசரத்தில் எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் கயிறு கட்டிக்கொண்டிருந்ததில் ஒன்றும் கவனிக்கவில்லை. எதிரே காலிக் கூடைகளோடு இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். "இந்தம்மா ஏறினதிலிருந்து விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறாள், பாவம், பணம் காணாமல் போயிருக்கும்" என்றாள் ஒருத்தி. "இல்லை, ஜோசியக்காரி" என்றாள் மற்றவள். என் அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. நான் அதிலேயே, அளவு எண்ணுகிறேன் அம்மா, லேத்துக்கு என்றேன். இருவரும் கூடையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம், ராயபுரம் அந்தப் பக்கமாச்சே, இது எண்ணூர் என்று இறக்கிவிட்டார்கள்.

எண்ணூரில் அரைமணி நேரம் இருந்தேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், முகத்துவாரம், சாம்பல் குழாய்களுக்கு அடியில் குனிந்து போய்வரும் படகுகள். படகு ஓட்டுபவர்கள் குழாய் வரும்போது பேச்சை நிறுத்தாமலே தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தக் குழாயைப் போட்டவரும் வரைபடத்தில் படகை வரைந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. சாக்கடையாகிப் போன எங்கள் ஊர் நொய்யலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆற்றைப் பற்றி வாய் பேச உரிமையில்லை. சும்மா பார்த்துவிட்டு வந்தேன்.

ராயபுரத்தில் கப்பி கிடைத்தது. கூடவே அத்தோவும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கடைக்காரர் கையாலேயே வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எல்லாம் போட்டுப் பிசைந்து தருகிறார். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். முதல் வாயில் இது என்ன என்று யோசித்தேன், மூன்றாவது வாயில் யோசிப்பதை விட்டுவிட்டேன். எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு மேல் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த என் நாக்கு அன்றைக்கு இன்னொரு தட்டு கேட்டது.

சனிக்கிழமை முழுக்க வேலை. குழாயை அறுத்து, மேல்பக்கம் திறந்த காடியாக்கினோம். ராடை மேலிருந்து படுக்க வைத்தால் போதும். பின்னால் தள்ளுகோல். அதிலிருந்து கயிறு, கப்பி, தொங்கும் எடை. எடைக்குத் தனசேகர் ஒரு பழைய கப்பல் சங்கிலி வளையத்தைக் கட்டினார். கனம் அதிகம். ராடு முட்டிய வேகத்தில், அதை முன்னால் நிறுத்தும் அளவுத்தடுப்பு அசைந்து, நிப்பிள்கள் ஒன்றுக்கொன்று நீளம் மாறின. கழற்றிவிட்டு ஒரு பெயின்ட் டப்பாவைத் தொங்கவிட்டு, தொட்டியிலிருந்த சாண் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டோம். குறைந்தால் ராடு வராது, கூடினால் முட்டும். பதினெட்டாவது துண்டில் நிப்பிள் அளவு நின்றது.

மூன்று மணிக்குக் கொத்தனார் சிமென்ட் சட்டியோடு வந்துவிட்டார். அவரை விட்டால் திங்கட்கிழமைதான். அதுவரை நாங்கள் ஓட்டிப் பார்த்திருந்தது நாலே துண்டு. சுவரை மூடிவிட்டால் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்ப வழி கிடையாது. தனசேகர் என்னைப் பார்த்தார். என்னால் உறுதி சொல்ல முடியவில்லை, அதையும் அவரிடம் சொன்னேன். டப்பாவை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மூடிடு" என்றார் கொத்தனாரிடம்.

முதலாளிக்கு அப்போதுதான் போன் செய்தேன். கயிறு கட்டியதைக் கேட்டுவிட்டு, வாங்குகிறவர்கள் சிரிப்பார்களே என்றார். சிரிக்கட்டுங்க என்றேன். விளம்பரத் தாளில் நீளம் என்ன போடுவது என்று கேட்டார். எட்டடி மூன்று அங்குலம், ராடோடு சேர்த்து என்றேன். நாளைக்கு அவர் மெஷினை வைத்துக்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை ஜெயா வியாசர்பாடிக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் லேத்தை ஓட்டிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவர் கொடுத்துவிட்டுப் போன சாவியால் அந்த வீட்டைத் திறந்து சுவரில் காதை வைத்துவிட்டு வந்தோம். சிமென்ட் ஈரம் காதில் ஒட்டியது. உள்ளே கேட்டது கடகடப்பு இல்லை, சீரான ஒரு உறுமல்தான். ஆனால் எங்கள் காது வேறு, நிறைமாதத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் காது வேறு. நண்பகலில் ஆட்டோ வந்தது. முழங்கை வரை வளையலோடு ஜெயாவின் மகள் ரேவதி மெதுவாக இறங்கினாள். முகத்தில் சந்தனமும் களைப்பும். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். ஜெயா எனக்கு ஒரு டப்பாவில் ஐந்து வகைச் சோறு கொடுத்துவிட்டுப் போனார். அணைக்கவா என்று தனசேகர் கேட்டதற்கு, ஓட்டு, தெரியட்டும் என்பதுதான் அவர் பதில்.

ஓட்டினோம். நான் எலுமிச்சைச் சோற்றைக் கையில் வைத்திருந்தேனே தவிரச் சாப்பிடவில்லை. இருபது நிமிடம் போனது. ராடு தீரும் நிலைக்கு வந்து, தள்ளுகோல் முன்னால் போய் முட்டியது. தனசேகர் சுவிட்சில் கை வைத்தார்.

"நிறுத்தாத."

ஷட்டர் அருகே ஜெயா. பட்டுப் புடவையைக்கூட மாற்றவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். "இப்பத்தான் கண்ணசந்துச்சி. இந்தச் சத்தத்துலயே தூங்கினுகீது. நின்னா முழிச்சிக்கும்."

முந்தானையை இடுப்பில் செருகினார். தள்ளுகோலைத் தூக்கி ஓரமாக வைத்தார். மூலையிலிருந்து நாலடித் துண்டு ஒன்றை எடுத்துக் காடியில் படுக்க வைத்தார். வாய் திறக்கும் அந்த டக் சத்தத்துக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்து, ஒரு தள்ளு தள்ளி, கோலை இறக்கினார். மூன்று விரல் துண்டு முன்னால் விழுந்தது, அதன் பின்னாலேயே முதல் நிப்பிள். இயந்திரத்தை முழுமையாக நிறுத்திய பின்பே ராடு போட வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் எழுதியவள் நான். சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜெயா சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். தனசேகர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பாமலே, அடுத்த அறையில் கேட்காத குரலில், "மெஷின் இங்கயே இருக்கட்டும் மேடம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் அடுத்த துண்டு தீரும் நேரம் என்ன என்று ஜெயா கேட்டுக்கொண்டிருந்தார், நடுவில் போய்ப் பெண்ணுக்குத் தலையணை சரிசெய்துவிட்டு வருவதற்கு.